சந்தா இல்லாத வான்வழித் தொலைக்காட்சி: எந்த ஏற்பி வாங்கலாம்?

கடைக்குச் சென்று, "மாதச் சந்தா கட்டாமல் டிவி பார்க்க ஒரு பெட்டி வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் நான்கு பெட்டிகளை எடுத்து மேசைமீது வைப்பார். நான்கும் கைக்கடக்கமான கறுப்புப் பெட்டிகள். நான்கின் அட்டையிலும் 'எச்.டி.' என்ற எழுத்து பளபளக்கும். விலையில் மட்டும் சில நூறு ரூபாய் வேறுபாடு. எதை எடுப்பது? பெரும்பாலோர் விலை குறைந்ததை எடுக்கிறார்கள். சிலர் அட்டையில் எழுத்து மிகுந்ததை எடுக்கிறார்கள். பிறகு ஒரு நாள், நேற்றுவரை வந்துகொண்டிருந்த சேனல் காணாமற்போகிறது. அல்லது குரல் மட்டும் கேட்கிறது, படம் இல்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணி, அதே வகைப் பெட்டி ஒன்றை மறுபடியும் வாங்கி வருகிறார்கள்.

உண்மையில் பெட்டி கெடவில்லை. வானிலிருந்து வரும் செய்தியின் மொழி மாறிவிட்டது. பெட்டிக்கு அந்த மொழி தெரியவில்லை. ஆகவே, எந்தப் பெட்டி வாங்குவது என்ற கேள்விக்கு விடையை வானத்தில் தொடங்கித் தேடுவதே முறை. எந்தத் துணைக்கோளிலிருந்து, எந்த அலைநீளத்தில், எந்த வடிவில் செய்தி வருகிறது என்று தெரிந்துகொண்டால், கடை மேசையில் இருக்கும் நான்கு பெட்டிகளில் இரண்டை உடனே தள்ளிவிடலாம்.

ஒரு சொல்லை முதலில் தீர்மானித்துக்கொள்வோம். கடையில் 'செட்டாப் பாக்ஸ்' என்பதும், மெக்கானிக் 'ரிசீவர்' என்பதும் ஒரே பொருளே. இக்கட்டுரையில் அதை ஏற்பி என்போம்.

இலவசம் என்றால் என்ன?

துணைக்கோளிலிருந்து வரும் அலை யாருடைய மாடி என்று பார்த்து விழுவதில்லை. நாடு முழுவதும் மழைபோல் பொழிகிறது. சந்தா கட்டியவர், கட்டாதவர் இருவர் வீட்டிலும் அதே அலைதான் விழுகிறது. சந்தா வாங்கும் நிறுவனம் செய்வது என்னவென்றால், செய்தியைக் குழப்பிப் பூட்டி அனுப்புவதுதான். அந்தப் பூட்டின் திறவுகோல், உங்கள் பெட்டிக்குள் இருக்கும் அட்டையிலோ சில்லிலோ இருக்கிறது. பூட்டே போடாமல் அனுப்பப்படும் சேனல்கள்தாம் இலவச சேனல்கள். பல ஏற்பிகள் தம் சேனல் பட்டியலில் பூட்டுள்ள சேனலுக்குப் பக்கத்தில் ஒரு டாலர் குறியைக் காட்டும். அது இல்லாதவை நமக்குரியவை.

இந்தியாவில் இத்தகைய சேனல்களை வீட்டு மாடிக்கு நேரே தரும் பெரிய ஏற்பாடு தூர்தர்ஷனுடையது. 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கிய இது, பின்னர் 'டிடி ஃப்ரீ டிஷ்' ஆயிற்று. மாதக் கட்டணம் கிடையாது. அப்படியானால் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்பீர்கள். தூர்தர்ஷனின் சொந்த சேனல்கள் போக, மற்ற இடங்களைத் தனியார் சேனல்களுக்கு பிரசார் பாரதி ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவர்கள் விளம்பர வருவாயிலிருந்து அதை ஈடு கட்டுகிறார்கள். இந்த ஏல விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பியைத் தேர்ந்தெடுக்கும்போது இது மீண்டும் வரும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இப்பட்டியலில் இந்தி சேனல்களே மிகுதி. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரிலிருந்து 'டிடி தமிழ்' ஆன தூர்தர்ஷனின் தமிழ் சேனல் கிடைக்கும். செய்தி, பக்தி, பிற மொழி சேனல்கள் கிடைக்கும். ஆனால் மாலை நேரத் தொடர்களுக்காகத் தமிழ்க் குடும்பங்கள் பார்க்கும் முன்னணித் தனியார் சேனல்கள் சந்தாவுக்கு உட்பட்டவை. அவை பூட்டோடுதான் வருகின்றன. எந்த இலவச ஏற்பியும் அவற்றை நேர்வழியில் காட்டாது. மாதம் 250 ரூபாய் கட்டும் வீட்டில் ஆண்டுக்கு 3,000 ரூபாய் மிச்சமாகும் என்பது உண்மையே. பாட்டி எதிர்பார்க்கும் தொடர் வராது என்பதும் அதே அளவு உண்மை. இதை வீட்டில் பேசி முடிவுசெய்த பிறகு கடைக்குப் போவது நல்லது.

மாணவர்கள் இருக்கும் வீட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. 2017 ஜூலையில் 32 சேனல்களுடன் தொடங்கிய 'ஸ்வயம் பிரபா' என்னும் கல்வி ஒளிபரப்புத் தொகுதி ஜிசாட்-15 துணைக்கோள் வழியாகவே வந்தது. டிடி ஃப்ரீ டிஷ் வரும் அதே துணைக்கோள் அது. ஒரே டிஷ் இரண்டுக்கும் போதும்.

36,000 கிலோமீட்டருக்கு அப்பால்

ஜிசாட்-15, 2015 நவம்பரில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் அது நிற்கிறது. நிற்கிறது என்பது நம் பார்வைக்குத்தான். அந்த உயரத்தில் பூமியை ஒருமுறை சுற்ற ஆகும் காலமும், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஆகும் காலமும் ஒன்றாக இருப்பதால், வானில் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் தெரிகிறது. மூன்று துணைக்கோள்களை இவ்வாறு நிறுத்தினால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று ஆர்தர் கிளார்க் 1945-இலேயே 'ஒயர்லெஸ் வோர்ல்ட்' இதழில் எழுதினார். மாடியில் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் தொடாமல் இருக்க முடிவது இந்தச் சுற்றுப்பாதையின் தயவால்தான்.

இவ்வளவு தொலைவு கடந்து வரும் அலை எவ்வளவு வலுவிழந்திருக்கும்? 60 செ.மீ. டிஷ் ஒன்று திரட்டும் மொத்தத் திறன், ஒரு வாட்டை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஓரிரு பங்குதான். படுக்கையறையில் எரியும் இரவு விளக்கே சில வாட் திறனுடையது என்பதை எண்ணிப் பாருங்கள். இந்த மெல்லிய முணுமுணுப்பிலிருந்து பத்து, பதினைந்து சேனல்களின் படத்தையும் ஒலியையும் பிரித்தெடுப்பதுதான் நாம் வாங்கப்போகும் பெட்டியின் வேலை.

இந்தியக் கிராமங்களுக்கு இது புதிதும் அன்று. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 துணைக்கோளைக் கொண்டு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடித் தொலைக்காட்சி காட்டப்பட்டது. 'சைட்' என்று பெயர்பெற்ற சோதனை அது. (தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை.) அப்போது ஊர்ப் பொதுவிடத்தில் நட்ட ஆண்டெனா, கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையால் ஆன, 3 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய கிண்ணம். இன்று 60 செ.மீ. போதுமாக இருக்கிறது. ஏன்?

திறன் கூடியது ஒரு காரணம்; முக்கியமானது அலைநீளம். அன்று பயன்பட்ட அதிர்வெண் 860 மெகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் 35 செ.மீ. டிடி ஃப்ரீ டிஷ் வரும் 'கே.யு.' பட்டையில் அதிர்வெண் 11,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். அலைநீளம் சுமார் 2.6 செ.மீ. ஒரு கிண்ணம் எவ்வளவு கூர்மையாக அலையைக் குவிக்கும் என்பது, அதன் குறுக்களவில் எத்தனை அலைநீளங்கள் அடங்கும் என்பதைப் பொறுத்தது. பழைய 3 மீட்டர் கிண்ணத்தில் அடங்கியவை எட்டரை அலைநீளங்கள். இன்றைய 60 செ.மீ. கிண்ணத்தில் 23 அடங்குகின்றன. அலையின் கண்கொண்டு பார்த்தால் நம் மாடி டிஷ்தான் பெரியது!

சிற்றலைக்கு ஒரு குறையும் உண்டு. அலைநீளம் மழைத்துளியின் அளவை நெருங்க நெருங்க, மழை அதை அதிகமாக விழுங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் கட்டங்கட்டமாக உடைந்து நிற்பது இதனால்தான். சேனல் நிறுவனங்கள் கேபிள்காரர்களுக்கு அனுப்பும் 'சி' பட்டையில் அலைநீளம் 7, 8 செ.மீ.; அதை மழை அவ்வளவாகத் தொடாது. ஆனால் அதற்கு எட்டடி, பத்தடி டிஷ் வேண்டும். பூட்டில்லாத சேனல்கள் அந்தப் பட்டையிலும் உண்டு. விரிந்த மொட்டைமாடியும், ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிடும் ஆர்வமும் இருப்பவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் அதை மறந்துவிடலாம்.

டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் கருவி

கிண்ணத்துக்கு எதிரே நீட்டிய கம்பியின் முனையில் ஒரு சிறு கருவி இருக்கிறது. 'எல்.என்.பி.' என்று அதைச் சொல்வார்கள். குவிந்த அலையைப் பெற்று, இரைச்சல் சேராமல் பெருக்கி, அதிர்வெண்ணைக் குறைத்து, கேபிள் வழியே கீழே அனுப்புகிறது. 11,000 மெகாஹெர்ட்ஸ் அலையை நேரே கேபிளில் அனுப்பினால் சில மீட்டரிலேயே தேய்ந்துபோகும்; ஆகையால்தான் இந்தக் குறைப்பு.

எப்படிக் குறைக்கிறது? உள்ளே ஓர் அலையியற்றி இருக்கிறது. பொதுவாகக் கிடைக்கும் 'யுனிவர்சல்' வகையில் அது 9,750 மெகாஹெர்ட்ஸில் அதிர்கிறது. 11,170-இல் ஓர் அலை வந்தால், 11,170-இலிருந்து 9,750-ஐக் கழித்து 1,420 மெகாஹெர்ட்ஸ் கீழே வரும். ஏற்பி 950 முதல் 2,150 வரை கேட்கவல்லது. ஆகவே அது கேட்கும். 11,700-க்கு மேற்பட்ட அலைகளுக்கு ஏற்பி கேபிள் வழியே 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை மேலே அனுப்பும். உடனே அலையியற்றி 10,600-க்கு மாறிக்கொள்ளும். படுக்கைவாட்டு, செங்குத்து என்னும் இரு தளவிளைவுகளில் எது வேண்டும் என்பதையும் ஏற்பிதான் சொல்கிறது. 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து. 18 வோல்ட் என்றால் படுக்கைவாட்டு. ஒரே கேபிளில் மின்சாரம் மேலே போகிறது, கட்டளை மேலே போகிறது, படம் கீழே வருகிறது.

இந்தக் கணக்கைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புதிய ஏற்பியை இணைத்ததும் அதன் பட்டியலில் 'எல்.என்.பி. அதிர்வெண்' என்று ஒரு வரி வரும். அதில் தவறாக 10,600 மட்டும் இருந்தால், மேற்சொன்ன அலைக்கு ஏற்பி 570 மெகாஹெர்ட்ஸில் தேடும். அங்கே எதுவும் இராது. டிஷ்ஷும் நல்லது, பெட்டியும் நல்லது, ஆனால் ஒரு சேனலும் வராது. மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்புமுன் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

பெட்டிக்குத் தெரிய வேண்டிய இரண்டு மொழிகள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கீழே வந்த செய்தியைப் படமாக்க, ஏற்பி இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் கடையில் குழப்பம்.

முதல் வேலை, அலையிலிருந்து சுழியும் ஒன்றுமான இலக்க ஓட்டத்தைப் பிரித்தெடுப்பது. இதற்கு 1990-களில் வகுத்த முறை 'டி.வி.பி.-எஸ்'. பின்னர் 2000-த்தின் முதற் பத்தாண்டில் வந்தது 'டி.வி.பி.-எஸ்2'. அதே அலைப்பட்டையில் ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகச் செய்தியை ஏற்றக்கூடியது. பழைய முறை மட்டும் தெரிந்த பெட்டிக்குப் புதிய அலை வெறும் இரைச்சலாகவே தோன்றும். எத்தனை முறை தேடச் சொன்னாலும் அந்தச் சேனல் பட்டியலில் ஏறாது.

இரண்டாம் வேலை, சுருக்கிக் கட்டிய படத்தை விரிப்பது. படத்தை ஏன் சுருக்க வேண்டும்? சாதாரணத் தொலைக்காட்சிப் படம் ஒன்றில் 720 பெருக்கல் 576 புள்ளிகள். வினாடிக்கு 25 படங்கள். ஒரு புள்ளியின் ஒளிக்கும் நிறத்துக்குமாகச் சராசரி 16 பிட்டுகள். பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு 16 கோடியே 50 இலட்சம் பிட்டுகளுக்கும் மேல். துணைக்கோளின் ஒரு டிரான்ஸ்பாண்டர் முழுவதும் சேர்ந்து எடுத்துவரக்கூடியதோ வினாடிக்கு நான்கு கோடி அளவுதான். சுருக்காமல் அனுப்பினால் ஒரு சேனலில் கால்பங்குகூட ஏறாது.

செய்தி வாசிப்பவரைக் கவனியுங்கள். அவருடைய உதடும் கண்ணிமையும் அசைகின்றன. பின்னாலுள்ள திரை ஒரு நிமிடம் அப்படியே இருக்கிறது. அந்தத் திரையை வினாடிக்கு 25 தடவை திரும்பத் திரும்ப அனுப்புவது வீண். முழுப் படத்தை ஒருமுறை அனுப்பிவிட்டு, அதன்பின் மாறியதை மட்டும், 'இந்தக் கட்டம் இரண்டு புள்ளி இடப்புறம் நகர்ந்தது' என்பதுபோல் சொல்லியனுப்பினால் போதும். 'எம்பெக்-2' என்னும் முறை படத்தை 16-க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து இதைச் செய்கிறது. ஒரு சேனலுக்கு வினாடிக்கு 40 இலட்சம் பிட்டுகள் போதுமானதாகிறது. 2003-இல் வகுக்கப்பட்டு, கடைகளில் 'எம்பெக்-4' என்று வழங்கும் முறை, கட்டங்களை 4-க்கு 4 வரை பொடியாக்கும். ஒரு முந்தைய படத்தை மட்டுமின்றிப் பல முந்தைய படங்களையும் புரட்டிப் பார்த்து ஒப்பிடும். அதனால் ஏறக்குறைய பாதிப் பிட்டுகளில் அதே தெளிவு கிடைக்கிறது.

இங்கேதான் ஏலம் மறுபடி வருகிறது. ஒரு டிரான்ஸ்பாண்டரில் பத்துப் பன்னிரண்டு சேனல்களுக்குப் பதில் இருபதுக்கு மேல் ஏற்ற முடிந்தால், விற்பதற்கு அத்தனை இடங்கள் கூடுகின்றன. ஒளிபரப்புபவர் புதிய முறைக்குப் போவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. ஆனால் மாடி தோறும் பழைய பெட்டிகள் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் கோடிக்கணக்கான வீடுகளில் திரை இருண்டுவிடும். ஆகவே தூர்தர்ஷன் சில சேனல்களை எம்பெக்-2 முறையிலும் வேறு சிலவற்றை எம்பெக்-4 முறையிலுமாக அனுப்பி, இரு வகை இடங்களையும் தனித்தனியே ஏலம் விட்டுவந்திருக்கிறது. பழைய பெட்டி வைத்திருப்பவருக்கு வானில் பாதிக் கடைதான் திறந்திருக்கும்.

ஏற்பி எங்கே தடுமாறுகிறது என்பதையும் இதிலிருந்தே கண்டுபிடிக்கலாம். குரல் வருகிறது, படம் இல்லை என்றால், அலையைப் பிரித்துவிட்டது, படத்தை விரிக்கத் தெரியவில்லை. அதாவது எம்பெக்-4 அதற்குத் தெரியாது. சேனலே பட்டியலில் ஏறவில்லை என்றால், எஸ்2 தெரியாததாக இருக்கலாம். பக்கத்து வீட்டு ஏற்பியில் அதே சேனல் வருகிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

ஆகவே, கடை மேசையிலுள்ள பெட்டிகளில் 'டி.வி.பி.-எஸ்2', 'எம்பெக்-4' என்னும் இரண்டு பெயர்களும் இல்லாத எதையும், என்ன விலைக்குக் கொடுத்தாலும், வாங்காதீர்கள். இவை இரண்டும் தெரிந்த பெட்டிக்குப் பழைய முறைகளும் தெரியும். எம்பெக்-4-க்கு அடுத்த தலைமுறையான, 2013-இல் வகுக்கப்பட்ட 'எச்.இ.வி.சி.' என்பதும் சில பெட்டிகளில் இருக்கும். சிறிதளவே விலை கூடுமானால் எடுக்கலாம். அதற்காகவே இருமடங்கு கொடுக்கத் தேவையில்லை.

'எச்.டி.' என்ற எழுத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம். 'டி.வி.பி.-டி2' என்று எழுதிய பெட்டி தரைவழிக் கோபுரத்திலிருந்து வரும் ஒளிபரப்புக்குரியது, 'டி.வி.பி.-சி' கேபிளுக்குரியது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டிகள். டிஷ்ஷை இணைத்தால் இரண்டும் பயன்படா. கடைசி எழுத்து 'எஸ்' என்று இருக்க வேண்டும்.

கடையில் இன்னும் சில

வீட்டிலிருக்கும் தொலைக்காட்சியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பழைய பெட்டி டிவி என்றால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறத் துளைகள்தாம் இருக்கும்; ஏற்பியிலும் அவை வேண்டும். விலை குறைந்த சில ஏற்பிகளில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே இருக்கும். புதிய டிவி வைத்திருப்பவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும். துணைக்கோள் ஏற்பியை உள்ளேயே கொண்ட தொலைக்காட்சிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தரக்கட்டுப்பாட்டு வரையறை வகுத்தது. உங்கள் டிவியின் பின்புறம் திருகுமரையுள்ள துளையருகே 'எஸ்2' என்று எழுதியிருந்தால், பெட்டியே வாங்க வேண்டாம். டிஷ் கேபிளை அதில் நேரே இணைத்துப் பார்க்கலாம்.

சந்தாவை நிறுத்திவிட்டு இலவசத்துக்கு மாறுபவர்களிடம் பழைய நிறுவனத்தின் பெட்டி இருக்கும். அதையே பயன்படுத்தலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. பொதுவாக முடியாது, அந்தப் பெட்டி தன் நிறுவனத்தின் பட்டியலை மட்டும் படிக்கும்படி செய்யப்பட்டது. ஆனால் டிஷ், எல்.என்.பி., கேபிள் மூன்றும் பெரும்பாலும் பயன்படும். டிஷ்ஷை 93.5 பாகைத் துணைக்கோளை நோக்கித் திருப்பினால் போதும். ஏற்பிக்கு மட்டும் செலவு செய்தால் சரி.

தேடும் வசதியைப் பற்றி ஒரு சொல். ஒவ்வோர் ஏலத்துக்குப் பின்னும் சேனல்கள் இடம் மாறும். அதிர்வெண், தளவிளைவு, 'சிம்பல் ரேட்' என்னும் வேகம் ஆகியவற்றை நாமே கொடுத்துத் தேட இடந்தருகிற ஏற்பி நல்லது. ஒன்றும் கொடுக்காமல் பட்டை முழுவதையும் துழாவும் 'பிளைண்ட் ஸ்கேன்' இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலையில் பதித்த பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு வேறெதையும் தேட மறுக்கும் பெட்டிகளும் விற்கின்றன, அவற்றைத் தவிருங்கள்.

"எல்லாச் சந்தா சேனல்களும் இதில் ஓசியில் வரும்" என்று சொல்லி இருமடங்கு விலை கேட்பவர்களும் உண்டு. அது பூட்டை உடைக்கும் திருட்டு வேலை, சட்டப்படி குற்றம். ஒளிபரப்புபவர் திறவுகோலை மாற்றிய அன்றே அந்த வித்தையும் முடிந்துபோகும். கொடுத்த பணம் திரும்பாது.

மாடியில்

பெட்டி வாங்கியாயிற்று. சென்னையிலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 அடிவானத்துக்கு மேல் 68 பாகை உயரத்தில், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 134 பாகையில், அதாவது தென்கிழக்கில் இருக்கிறது. கன்னியாகுமரியில் உயரம் 69, திசை 116. கிழக்கை ஒட்டி வந்துவிடும். தில்லியில் உயரம் 52 தான். தெற்கே இருப்பதில் நமக்கு ஓர் ஆதாயம் உண்டு. டிஷ்ஷைவிட உயர்ந்த தென்னை ஒன்று சற்றுத் தள்ளி நின்றால் சென்னையில் அது மறைக்காது.

68 பாகை என்றதும் டிஷ்ஷை வானத்தைப் பார்த்து மல்லாத்திவிடாதீர்கள். வீட்டு டிஷ், முழுப் பரவளையத்தின் ஓர் ஓரத் துண்டு. அதன் முகம் பார்க்கும் திசைக்கு ஏறத்தாழ 25 பாகை மேலிருந்து வரும் அலையையே அது எல்.என்.பி.க்குக் குவிக்கும். ஆகவே சென்னையில் முகம் 43 பாகை அளவே நிமிர்ந்திருக்கும். பார்ப்பவருக்கு எதிர் வீட்டு மாடியைக் குறிவைத்ததுபோல் தோன்றும்.

ஏற்பியின் திரையில் 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி' என்று இரண்டு கோடுகள் வரும். முதலாவது 80 விழுக்காடு காட்டினாலும் மகிழ வேண்டாம், எல்.என்.பி. தன் சொந்த இரைச்சலைப் பெருக்கி அனுப்புவதையே அது காட்டக்கூடும். டிஷ்ஷைச் சுவரைப் பார்த்துத் திருப்பினாலும் அந்தக் கோடு விழாது. நம்ப வேண்டியது இரண்டாவது கோட்டைத்தான். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை மூன்று பாகை அகலமே கொண்டது. நடுவில் மாட்டிய டிஷ்ஷின் ஒரு விளிம்பு ஒரு சென்டிமீட்டர் பின்வாங்கினால் பார்வை இரண்டு பாகை திரும்பிவிடும், படம் போய்விடும். ஆகவே மிக மெல்லத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் இரண்டு வினாடி காத்திருக்க வேண்டும். தரக்கோடு உச்சத்தைத் தொட்ட இடத்தில் நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுதாக முடுக்கினால் டிஷ் நழுவும். படம் வந்ததே போதும் என்று ஓரத்தில் நிறுத்திவிட்டால் வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது, முதல் மழையில் தெரியும். இலக்கமுறைப் படம் பழைய ஆண்டெனாப் படம்போல் மெல்ல மெல்ல மங்குவதில்லை. பிழைதிருத்தம் தாங்கும்வரை பளிச்சென்று இருக்கும். தாங்காத கணத்தில் நின்றுவிடும். உச்சத்தில் முடுக்கிய டிஷ்ஷுக்கு மழையைத் தாங்கக் கூடுதல் இருப்பு உண்டு.

மார்ச் மத்தியிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்களுக்கு, காலை பதினொரு மணி வாக்கில் சில நிமிடங்கள் படம் போனால் எதையும் தொடாதீர்கள். சூரியன் அப்போது துணைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து தன் இரைச்சலை டிஷ்ஷுக்குள் கொட்டுகிறது, தானே விலகிவிடும்.

கேபிளை எல்.என்.பி.யில் திருகிய பின், மூட்டின்மேல் ரப்பர் உறையை இழுத்து மூடுங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைச் சற்றுத் தாழ்வாகத் தொங்கவிட்டு வளைத்துக் கொண்டுவாருங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கேபிள் வழியே வழிந்து ஏற்பிக்குள் வராது.